புழுவுக்கும் ஒரு பங்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வயலில் நஞ்சைக் குறைப்பது, விவசாயிக்கு நியாய விலை கொடுத்து வாங்கும் நியாய வணிகமா, சட்டமா என்பது தலைப்பு. சட்டத்தின் பக்கம் பேசிய எதிரணி நண்பர், "நியாய வணிகம் என்று பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் புழு செத்துவிடுமா?" என்று கேட்டுக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

சாகாது ஐயா. புழுவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால், புழு சாக வேண்டும் என்று நாங்கள் எப்போது சொன்னோம்?

என் மாமா கத்தரி போட்டிருந்தார். ஊருக்குப் போனால் ஒரு பை காய் பறித்துக்கொண்டு கிளம்புவது என் வழக்கம். ஒருமுறை அத்தை வாசலில் வழிமறித்தார்.

"மாப்பிள்ளை, எந்தப் பக்கம் பறித்தாய்?"

"கிணற்றுப் பக்கம், அத்தை."

பையைப் பிடுங்கித் திண்ணையில் கொட்டினார். "அது சந்தைக்காய்! வீட்டுக்காய் கொல்லையில் இருக்கிறது."

நடுவர் அவர்களே, கவனியுங்கள். ஒரே விதை, ஒரே கிணறு, ஒரே மாமா. காயில் மட்டும் இரண்டு சாதி! கொல்லைக்காயை அறுத்தால் உள்ளே புழு. நான் முகம் சுளித்தேன். அத்தை அதைச் சுண்டி எறிந்துவிட்டுச் சொன்னார்: "இதைத் தின்ற இதுவே உயிரோடு இருக்கிறது, நீயும் பிழைத்துக்கொள்வாய்."

மாமாவைக் கேட்டேன். "ஓட்டை விழுந்த காயை மண்டியில் யார் எடுப்பார்கள்? மருந்துக்கடைக் கடனை யார் அடைப்பார்கள்?" என்றார். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்த ஊர் அல்லவா!

மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் காபி விவசாயிகளை ஆராய்ந்தார் டேனியல் ஜாஃபி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். நியாய வணிகக் கூட்டுறவில் இருந்தவர்களுக்குக் கடன் சுமை குறைந்திருந்தது. மட்கிய உரம் போட்டு மண்ணைப் பேணினார்கள். வறுமை தீர்ந்தது என்று அவர் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால், கடன் குறைந்தவனுக்குத்தான் புழுவுக்கும் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கத் தைரியம் வரும்.

சட்டமா? டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி ஆண்களை மலடாக்குகிறது என்று 1977-இல் கலிபோர்னியாத் தொழிற்சாலை ஒன்றில் தெரிந்தது. 1979-இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டுக்குத் தடை போட்டது. அதே நஞ்சைப் பயன்படுத்திய கோஸ்டாரிகா வாழைத் தோட்டங்களிலோ ஆயிரக்கணக்கான ஆண்கள் பிள்ளைப்பேற்றை இழந்தார்கள். ஒரு நாட்டுச் சட்டம் அடுத்த நாட்டுத் தோட்டத்தைக் காக்கவில்லை, நண்பரே.

மருந்து அடித்த நாள்களில் மாமா அந்தி சாய்ந்துதான் வருவார். பேத்தி ஓடி வருவாள். அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "தொடாதே கண்ணு, தாத்தா குளித்துவிட்டு வருகிறேன்" என்பார். அத்தை அவர் சட்டையைக் குச்சியால் எடுத்துத் தனி வாளியில் போடுவார். மாமா இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தும் வாடை போகாது. மூன்றாம் முறை தேய்த்துவிட்டு அவர் வருவதற்குள் குழந்தை திண்ணையிலேயே தூங்கியிருக்கும்.

மணி அடித்துவிட்டீர்கள். அமர்கிறேன்.