அந்தத் தண்ணி எங்க போகும்?

நேயர்களுக்கு வணக்கம். நான் மேலாண்மைக் கல்லூரியில் உற்பத்தி மேலாண்மை சொல்லிக்கொடுப்பவன். சில வருடங்களுக்கு முன் என் ஆய்வு மாணவரோடு திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். எந்தத் துணி லாட்டை எந்த வரிசையில் சாய மெஷினில் ஏற்றினால் நேரம் மிச்சமாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு எடுத்துப் போயிருந்தோம். ஷிப்ட் சூப்பர்வைசர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சார், கறுப்புக்கு அடுத்து வெளிர் மஞ்சள் போட்டிருக்கீங்க. நடுவுல காஸ்டிக்கும் ஹைட்ரோசும் விட்டு மெஷினைக் கழுவணுமே, அந்தத் தண்ணி எங்க போகும்?"

கழுவும் நேரத்தைச் சேர்த்திருந்தோம். தண்ணீரை மறந்திருந்தோம். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதை எல்லோரும் அறிவோம். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பதுதான் அங்கே நிபந்தனை. சுத்திகரிப்பு நிலையம் எடுத்துக்கொள்ளும் தண்ணீருக்கு அளவு உண்டு, செலவும் உண்டு. அதனால்தான் அவர், நடுவில் கழுவுவது குறையும்படி, வெளிர் நிறத்தில் ஆரம்பித்து, நடுத்தர நிறங்களுக்குப் போய், கறுப்பில் முடிக்கிறார். அதைப் பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். அவர் போட்டிருந்த கணக்கில் எங்களுடையதைவிட ஒரு வரி கூடுதலாக இருந்தது.

எங்கள் துறையில் இது பழைய கதை. ஒரு தடவையில் எத்தனை உருப்படி செய்வது லாபம் என்பதற்கு 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் ஒரு சூத்திரம் எழுதினார். அவர் பேராசிரியர் இல்லை, தொழிற்சாலைப் பொறியாளர். மெஷினை அடுத்த வேலைக்கு மாற்றும் செலவு கூடினால், ஒரே மூச்சில் நிறையச் செய்யச் சொல்லும் சூத்திரம் அது. அந்த மாற்றுச் செலவை மாறாத எண்ணாக எடுத்துக்கொண்டு கல்லூரிகளில் நாங்கள் கட்டுரைமேல் கட்டுரை எழுதினோம். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அந்த எண்ணிலேயே கைவைத்தார். டொயோட்டாவில் தகட்டை அழுத்தி வடிவமைக்கும் 1000 டன் பிரஸ்ஸுக்கு அச்சு மாற்ற 4 மணி நேரம் ஆனது. மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளைத் தனியே பிரித்து, 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். பட்டறைத் தரையில் நின்றால்தான் அப்படி ஒரு கேள்வி வரும்.

திருப்பூரிலிருந்து திரும்பியதும் என் மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டேன். நைட் ஷிப்ட் உட்பட இரண்டு மாதம் பட்டறையில் இருக்காமல் ஒரு சமன்பாடும் எழுதக்கூடாது. எழுதியதை ஆய்விதழுக்கு அனுப்பும் முன், அங்கே வேலை செய்பவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லவேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும்போது இந்த நாட்களையும் கல்லூரிகள் எண்ணவேண்டும், மனதார வேண்டுகிறேன்.

அந்த மாணவர் தண்ணீரையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார். சூப்பர்வைசரிடம் கொண்டுபோனோம். இந்தத் தடவை அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அவசர ஆர்டர் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் தாளில் கோடு போட ஆரம்பித்தார்.