ஆளைப் பார்த்துக் கொடுக்கும் புத்தகம்

(ஒக்டோபர் வாசிப்பு மாதத்தை ஒட்டி, மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிற கல்லடியில் ஒரு வாசிகசாலை முற்றத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும், தாய்மாருக்கும், தேத்தண்ணி எப்போது வரும் என்று பின்வாங்கில் இருந்து எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். தேத்தண்ணி வந்ததும் நான் நிறுத்திவிடுவேன், பயப்பட வேண்டாம்.

'சிறுவரும் பெரியவரும் வாசிக்க வேண்டிய நூல்கள்' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அந்த 'வேண்டிய' என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. குடிக்க வேண்டிய மருந்து, கட்ட வேண்டிய கரண்ட் பில் என்பதுபோல இருக்கிறது. ஆகவே பட்டியல் எதுவும் கொண்டுவரவில்லை. ஒரு பெட்டி புத்தகம் கொண்டுவந்திருக்கிறேன். மேசைக்குக் கீழே இருக்கிறது. அதிலிருந்து யார் யாருக்கு எதைக் கொடுத்தேன், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

போன வருடம் ஒரு தாய் என்னிடம் வந்தார். "எண்ட மகனுக்கு நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்க சேர். அஞ்சாம் ஆண்டு படிக்கான்" என்றார். ஐந்தாம் ஆண்டு என்றதும் நமக்கெல்லாம் புலமைப்பரிசில் பரீட்சைதான் ஞாபகம் வரும். எனக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, "மகனுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். "என்ன பிடிக்கும்? தூண்டிலும் கையுமா ஆத்தங்கரையிலதான் நிக்கான்" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மடோல் தூவ, தமிழில் வந்தது. 1947இல் சிங்களத்தில் எழுதிய கதை. தென்கரைக் கிராமம் ஒன்றில் உபாலி என்று ஒரு குழப்படிக்காரப் பையன். அவனும் கூட்டாளி ஜின்னாவும் வீட்டை விட்டுப் போய், கொக்கல வாவிக்குள் கண்டல் மண்டிய, பேய் உலாவுவதாக ஊரார் பயப்படும் ஒரு தீவில் குடியேறுகிறார்கள். வாவி, கண்டல், தோணி, பேய். இதில் எதை இந்த ஊர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டும்? அந்தப் பையன் ஒரு கிழமை கழித்து வந்தான். புத்தகத்தின் முதுகில் மீன் வாடை. "சேர், அந்தத் தீவுக்கு பஸ்ஸில போகேலுமா?" என்றுதான் கேட்டான். நல்ல புத்தகமா, கெட்ட புத்தகமா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். தரம் பார்த்துப் புத்தகம் கொடுக்கிறோம், வயது பார்த்துக் கொடுக்கிறோம். ஆளைப் பார்த்துக் கொடுப்பது குறைவு. ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன், எது என்று கேட்காதீர்கள். முதலாம் பரிசு பெற்ற சிறுமிக்கு மினுங்கும் தாளில் சுற்றி ஒரு பொதி கொடுத்தார்கள். பிள்ளை மேடைப் படியில் நின்றபடியே தாளைக் கிழித்துப் பார்த்தது. உள்ளே மாதிரி வினாத்தாள்கள். படித்ததற்குப் பரிசு இன்னும் கொஞ்சம் பரீட்சை! அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, சின்னவர்களில் இருந்து வருவோம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுக்களை வாசித்துக் காட்டுங்கள். ஆடிப்பிறப்புப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதைவிடக் கத்தரி வெருளிதான் பிடிக்கும். தோட்டத்து வெருளியை ஒரு சேவகனாக நிறுத்தி வைத்து அவர் பண்ணும் பகிடி இருக்கிறதே, மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஒருமுறை வாசித்தால் போதாது, நீங்களே வெருளிபோல கையை விரித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அதற்குத் தயாராக இருங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு வீட்டில் இருந்தால் நாடகம் கொடுங்கள். நம்முடைய பேராசிரியர் சி. மௌனகுரு சிறுவருக்கென்று எழுதிய 'தப்பி வந்த தாடி ஆடு' இருக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து வாசிக்கலாம். தனியே வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளை, ஆடாக வாசிக்கச் சொன்னால் கூச்சப்படாது.

கொமிக்ஸ்? கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக இரும்புக்கை மாயாவி வந்தது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, கை மாறிக் கை மாறி அட்டை போன நிலையில் அது எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துத்தான் நான் வேகமாக வாசிக்கப் பழகினேன், ஏனென்றால் பின்னால் இருந்தவன் பக்கத்தைத் திருப்பச் சொல்லி முதுகில் குத்திக்கொண்டிருப்பான். இப்போதைய வாசிப்புப் பயிற்சி வகுப்புகளில் அந்த முறையைச் சேர்க்கலாம்.

அந்தக் காலத்துப் புத்தகங்களில் பலதை 1978 கொண்டுபோய்விட்டது. நவம்பர் 23, சூறாவளி. இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு அந்தத் திகதியைச் சொன்னாலே போதும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கூரை போன வீட்டில், பெட்டகத்துக்குள் இருந்த புத்தகங்களை அம்மம்மா எடுத்து, விழுந்து கிடந்த தென்னையின் மேல் வரிசையாக விரித்துக் காயப்போட்டா. நெல்லுக் காயப்போட்டதுபோல அதற்கும் காகம் துரத்த என்னை இருத்தினா. காகத்துக்குப் புத்தகத்தில் என்ன வேலை என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் இல்லை.

அதில் ஒன்று சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்', சோவியத் பதிப்பு. கிர்கீசியக் கிராமம் ஒன்றில், தானே அரைகுறையாக எழுத்துப் படித்த துய்ஷேன் என்பவர், ஒரு குதிரை லாயத்தைத் திருத்திப் பள்ளிக்கூடம் வைக்கிறார். அல்தினாய் என்ற அநாதைச் சிறுமி அங்கே படிக்கிறாள். அவளைப் பலவந்தமாகக் கல்யாணம் கட்டிக் கொண்டுபோக ஆட்கள் வருகிறார்கள், தடுக்கப்போன துய்ஷேனை அடித்துப் போடுகிறார்கள். அதற்குப் பிறகு நாலைந்து தாள் தண்ணீர் பட்டு ஒட்டிக்கொண்டது. கத்தியால் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்தது. அடுத்து வாசிக்கக் கூடிய பக்கத்தில் அல்தினாய் தப்பிவிட்டாள். எப்படி? அந்த ஒட்டிய தாளுக்குள் நான் எத்தனை கதை செய்தேன் தெரியுமா? ஒருநாள் துய்ஷேன் குதிரையில் பறந்து வருவார். இன்னொரு நாள் நானே போவேன். இருபது வருடம் கழித்து இன்னொரு பிரதி கைக்கு வந்தது. பஸ் நிலையத்தில் நின்றபடியே அந்தப் பக்கத்தைத் தேடினேன். பொலிஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம்! கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான். பள்ளிக்கூடத்தை விட்டு மறித்துக் கல்யாணம் பேசுகிற வீடுகள் இன்னும் இல்லாமல் போகவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன், தெத்சுகோ குரோயநாகியின் 'டோட்டோ சான்'. சிறுவர் அலுமாரியில் வைத்திருப்பார்கள், நீங்கள் போய் எடுங்கள். குழப்படி என்று ஒரு பள்ளிக்கூடத்தில் கலைத்துவிட்ட சிறுமியைத் தாய் வேறொரு பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். பழைய ரயில் பெட்டிகள்தான் அங்கே வகுப்பறை. அதிபர் கொபயாஷி தாயை அனுப்பிவிட்டு, அந்தப் பிள்ளை பேசுவதை நாலு மணித்தியாலம் கேட்டுக்கொண்டு இருக்கிறார். நாலு மணித்தியாலம்! நாம் நாலு நிமிடம் கேட்போமா? அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. நிலத்தில் விளைந்தது கொஞ்சம், கடலில் கிடைத்தது கொஞ்சம் இருக்க வேண்டும். இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலின் சோறும், கிழக்கே எழுவான்கரைக் கடலின் மீனும் நம் பிள்ளைகள் சட்டம் இல்லாமலே கட்டிக்கொண்டு போவதுதானே. அந்தப் பள்ளிக்கூடம் 1945இல் விமானக் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அந்த அத்தியாயத்தை நான் விளக்கத் தேவையில்லை.

ஜப்பானில் அந்தப் புத்தகம் வந்தது 1981இல். அதே வருடம்தான் சென்னையில் 'குட்டி இளவரசன்' நேரே பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்தது. அதே வருடம்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. மூன்றையும் நான் எங்கேயோ ஒரு கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குட்டி இளவரசனின் முதல் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெரியவர்கள் தொப்பி என்பார்கள். ஒரு பிள்ளை எனக்கு "கவிழ்த்து வச்ச தோணி" என்றது. ஆசிரியர் நினைத்தது யானையை விழுங்கிய பாம்பு. தோணியும் சரியென்றுதான் நான் மார்க் போட்டேன்.

பதினைந்து வயதுக்கு மேல் பொன்னியின் செல்வன். ஐந்து பாகத்தையும் அடுக்கிக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். கதை இலங்கைக்கு வருகிற இரண்டாம் பாகம், 'சுழற்காற்று', அதில் தொடங்கினாலும் பிள்ளை பிடித்துக்கொள்ளும். பிறகு தானே முதலாம் பாகத்தைத் தேடும். அது நாவல், சரித்திரப் பாடத்துக்கு அதிலிருந்து விடை எழுதக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

இனி என் மாமா. படுவான்கரையில் வயல் செய்கிறவர், எண்பதைத் தாண்டிவிட்டார், கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. வாழ்நாளில் பஞ்சாங்கம் தவிர வேறொன்றும் வாசித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். ஒருநாள் இரவு வயல் வாடியில், யானைக் காவலுக்கு முழித்திருக்கும்போது, நீலாவணனின் 'வேளாண்மை'யை லாம்பு வெளிச்சத்தில் வாசித்துக் காட்டினேன். பெரியநீலாவணைக் கவிஞர்; 1975இல் காலமாகி, 1982இல்தான் அந்தக் காவியம் நூலானது. இந்த மண்ணின் வயல் வாழ்வு முழுவதும் இந்த மண்ணின் சொல்லிலேயே அதில் இருக்கிறது. மாமா முதலில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். பிறகு சுருட்டு அணைந்தது, திரும்பப் பற்றவைக்கவில்லை. கடைசியில், "இவர் ஆரு, போடியாரா?" என்றார், பெரிய வயல்காரரா என்று. "இல்லை மாமா, வாத்தியார்." "பொய் சொல்லாத மருமகன். இது வட்டைக்குள்ள கால் ஊண்டி நிண்ட மனிசன்."

அந்தத் தைரியத்தில் அடுத்ததாக மசானோபு ஃபுகுவோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைக் கொண்டுபோனேன். உழவில்லை, இரசாயன உரமில்லை, களைநாசினி இல்லை, பூச்சி மருந்தில்லை, அறுத்த வைக்கோலை அந்த வயலிலேயே பரப்பிவிடு என்கிற ஜப்பான் விவசாயி. மாமாவுக்கு, அரசாங்கம் தடை போட்டு இரசாயன உரம் இல்லாமல் போன 2021 ஞாபகம் வந்துவிட்டது. "இவரும் கந்தோரில இருந்து எழுதினவரா?" என்றார். கந்தோரில்தான் இருந்தார் மாமா, யொகொஹாமா சுங்கத்தில் பயிர் நோய் பார்க்கிற வேலை. அதை விட்டுவிட்டு வயலுக்கு வந்தவர் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதை வந்தது. முழுதும் கேட்டார். ஒரு கேள்விதான் கேட்டார்: "யானைக்கு என்ன செய்யிற எண்டு எழுதியிருக்காரா?"

எழுதவில்லை. ஆகவே யானைக்கென்று வைக்கம் முகம்மது பஷீரைக் கொடுத்தேன். 'எங்க உப்பாப்பாவுக்கொரு ஆனையிருந்தது', 1951இல் மலையாளத்தில் வந்து தமிழுக்கும் வந்த சிறிய நாவல். குஞ்ஞுபாத்துமாவின் உம்மா எந்த நேரமும் தன் வாப்பாவின் யானையைப் பற்றியே பெருமை பேசுவார். அந்த யானை கடைசியில் என்ன ஆனது என்பதைச் சொல்லமாட்டேன். மாமா சிரித்த சிரிப்பில் வாடியின் பரண் ஆடியது. இதை முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலும் கொடுத்திருக்கிறேன், தமிழ் ஊரான களுவாஞ்சிகுடியிலும் கொடுத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் சிரித்த இடம் ஒன்றுதான்.

கவிதை பிடிக்காது என்று சொல்லும் பெண்களுக்குச் சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களைக் கொடுங்கள். 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்பது பெயர். ஒரு உம்மா அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் அச்சடிக்கிற சாமானா?" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தில் இல்லாத நாலு கவியைத் தானே பாடிக் காட்டினார். சிறுகதைக்கு உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' ஒன்று போதும், கல்முனை பஸ் மட்டக்களப்புக்கு வருவதற்குள் முடிந்துவிடும், யோசிப்பதற்குத்தான் நாள் எடுக்கும். நம்முடைய வரலாறு வேண்டுமென்றால் வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிற இந்தக் கல்லடியில் நின்றுகொண்டு. பழந்தமிழ் இசையை ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். பல வருட உழைப்பு. அந்த மரியாதைக்காகவே அதைப் பரிசாகக் கொடுக்கிறோம், வாங்கியவர்கள் அந்த மரியாதைக்காகவே கண்ணாடி அலுமாரியில் வைக்கிறார்கள். இசை படிக்கிற பிள்ளை கையில் அது போகட்டும். மற்றவர்களுக்கு வேறு ஏதாவது கொடுங்கள்.

காசில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005இலிருந்து இயங்குகிறது. ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் போனில் இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. பிள்ளைகளிடம் கேளுங்கள், எடுத்துத் தருவார்கள்.

தேத்தண்ணித் தட்டம் வருகிறது. பெட்டியைத் திறந்து வைக்கிறேன், பிடித்ததை எடுத்துப் போங்கள், பெயர் எழுதவும் தேவையில்லை. அட்டை இல்லாத மாயாவி ஒன்று அடியில் கிடக்கிறது, அதை மட்டும் இங்கேயே இருந்து வாசியுங்கள். எனக்குத் திரும்ப வேண்டும்.