இம்பாக்ட் ஃபேக்டர் குறைவான இதழுக்குக் கட்டுரை அனுப்பலாமா?

அடுத்த கேள்வி, சமூகவியலில் பிஎச்.டி. செய்யும் ஒரு சகோதரி அனுப்பியது. ‘கான்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோஷியாலஜி’ இதழுக்குக் கட்டுரை அனுப்பும்படி நெறியாளர் சொல்கிறாராம். இம்பாக்ட் ஃபேக்டர் பெரிதாக ஒன்றும் இல்லையே, அதில் வந்தால் என்ன மதிப்பு என்று கேட்கிறார்.

நெறியாளர் சொல்வதைக் கேளுங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் ரொம்பக் குறுகிய கணக்கு. கடந்த 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள், அவ்வளவுதான். மருத்துவத்துக்கு அது ஓரளவு சரி. நம் துறையில் ஒரு கட்டுரையைப் படித்தவர் அதை மேற்கோள் காட்ட, களப்பணி முடித்து, எழுதி, திருத்தி, அச்சில் வருவதற்குள்ளேயே அந்த 2 ஆண்டு ஓடிவிடும்.

இந்த இதழிலிருந்தே ஓர் உதாரணம். இந்தியச் சிந்தனைமுறை என்று ஒன்று உண்டா என்று கேட்டு 1989-இல் ஏ.கே. ராமானுஜன் இதில் ஒரு கட்டுரை எழுதினார். ஆமாம், குறுந்தொகையை ஆங்கிலத்தில் தந்த அதே ராமானுஜன்தான். அதில் அட்டவணை இல்லை, சர்வே இல்லை. கணிதமும் வானியலும் தெரிந்த தன் அப்பா சோதிடமும் பார்த்தாரே, இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி இருந்தன என்று யோசிக்கிறார். இன்றைக்கும் வகுப்புகளில் அதைப் படிக்கிறார்கள். ஆனால் நீங்கள் இன்று அதை மேற்கோள் காட்டினால் இம்பாக்ட் ஃபேக்டரில் அதற்குப் பூஜ்யம்!

சரி, இதழின் வீச்சுக்கு வருவோம். 1957-இல் லூயி துமோன், டேவிட் போக்காக் என்ற இரு மானிடவியலாளர்கள் தொடங்கியது. துமோன் மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்தவர். சமூகவியலும், பழைய நூல்கள் வழியே இந்தியாவைப் படிக்கும் இந்தியவியலும் கூடுகிற இடத்தில்தான் இந்தியாவுக்கான சமூகவியல் இருக்கிறது என்று முதல் இதழிலேயே எழுதினார்கள். 1959-இல் எஃப்.ஜி. பெய்லி என்ற மானிடவியலாளர் அதே இதழில் மறுத்தார்: கருத்துகளையும் விழுமியங்களையும் மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா, ஜனங்கள் நடைமுறையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? எனக்கு பெய்லி பக்கம்தான் சாய்வு. துமோன் சாதியை மேல்சாதியின் கண்ணால் பார்த்தார் என்ற விமர்சனமும் அப்புறம் பலமாகவே வந்தது. ஆனால் தன்னை மறுப்பவருக்கே பக்கம் கொடுத்த இதழ் இது. 1967-இல் சமூகவியலாளர் டி.என். மதன் இதழின் புதிய வரிசையைத் தொடங்கிய பிறகும் ‘இந்தியாவுக்கான சமூகவியல்’ என்ற தலைப்பில் அந்த வாதம் தொடர்ந்தது. செல்வாக்கு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு துறை எதைப் பற்றிச் சண்டை போட வேண்டும் என்பதையே இந்த இதழ் முடிவு செய்திருக்கிறது.

பெயரில் இந்தியா இருந்தாலும் இலங்கை, நேபாளம், புலம்பெயர்ந்தோர் பற்றிய ஆய்வுகளும் இதன் எல்லைக்குள் வரும். மானிடவியலும் சேர்த்திதான்.

ஒரு ஊரின் விவரங்களோடு உங்கள் கட்டுரை நின்றுவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த விவரம் எந்தப் பழைய வாதத்தை அசைக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆய்வேடு சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்டது என்றால் வேறு நல்ல இதழைப் பாருங்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மெயிலுக்கு மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள்.