லேப்டாப்பில் என்ஜின் டியூனிங்: கற்கத் தொடங்குபவருக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கார்புரேட்டர் இருந்த காலத்தில், என்ஜினை டியூன் செய்யும் மெக்கானிக் திருகாணியை அரைச் சுற்று திருப்பிவிட்டு என்ஜினின் ஒலிக்குக் காது கொடுப்பார்; பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைவு, இளம்பழுப்பாக இருந்தால் சரி. அந்தத் திருகாணி இருந்த இடத்தில் இன்று ஈசியூ என்னும் கணினி அமர்ந்திருக்கிறது. லேப்டாப்பை அதனுடன் இணைத்து என்ஜினைச் சீர்படுத்தக் கற்பது எப்படி என்பதே இன்றைய உரை.

ஈசியூவின் உள்ளே இருப்பது, பெரும்பாலும், பள்ளி வாய்ப்பாட்டைப் போன்ற ஓர் அட்டவணைதான். ஒரு பக்கம் என்ஜினின் சுழற்சி வேகம். மறுபக்கம், என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயான இன்டேக் மானிஃபோல்டில் உள்ள காற்றழுத்தம். பதினாறுக்குப் பதினாறு என்று வைத்துக்கொண்டால் 256 கட்டங்கள். அந்த வேகத்தில், அந்த அழுத்தத்தில், சிலிண்டர் தன் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்றை இழுக்கிறது என்பதை ஒவ்வொரு கட்டமும் சொல்கிறது. காற்றின் எடை தெரிந்துவிட்டால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்டு திறந்து வைப்பது என்பது வெறும் வகுத்தல் கணக்கு.

கலவை சரியாக அமைந்ததா என்பதைப் புகைக்குழாயில் உள்ள லாம்டா சென்சார் காட்டும். எரிபொருள் முழுவதும் எரியப் போதுமான அளவு காற்று, மிச்சமும் குறையும் இல்லாமல் இருந்தால் லாம்டா 1; அதற்கு மேல் போனால் காற்று கூடுதல், கீழே போனால் பெட்ரோல் கூடுதல். கலப்பற்ற பெட்ரோலுக்கு, ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று என்பது லாம்டா 1-இன் பொருள். பழைய பாடங்கள் எல்லாம் இந்த 14.7-ஐயே மனப்பாடம் செய்யச் சொல்லும். ஆனால் எத்தனாலுக்கு ஒன்பது கிராம் காற்றே போதும் என்பதால், இருபது சதவீத எத்தனால் கலந்து நம் பெட்ரோல் பங்குகளில் விற்கும் பெட்ரோலுக்கு அந்த எண் பொருந்தாது; ஏறத்தாழ பதின்மூன்றரைக்கு இறங்கிவிடும். ஆகவே புதிதாகக் கற்பவர் தொடக்கத்திலிருந்தே லாம்டாவில் சிந்திக்கப் பழகிவிடுவது நல்லது. எரிபொருள் எதுவானாலும் ஒன்று என்பது ஒன்றுதான்.

திருத்தும் கணக்கும் எளிது. ஒரு கட்டத்தில் 60 என்று இருக்கிறது. நாம் வேண்டுவது லாம்டா 0.90, சென்சார் காட்டுவது 0.99. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.1, அறுபதை அதனால் பெருக்கினால் 66. இதை மென்பொருளே தானாகச் செய்துவிடும். 2001-இல் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்னும் இரு அமெரிக்கர்கள், விரும்புகிறவர் தாமே சாலிடரிங் செய்து கட்டிக்கொள்ளும் வகையில் மெகாஸ்குவர்ட் என்னும் ஈசியூவை வெளியிட்டார்கள். அர்டுவினோ என்னும் சிறு கணினிப் பலகையை மூளையாகக் கொண்ட ஸ்பீடுயினோ பின்னர் வந்தது. டியூனர்ஸ்டுடியோ என்னும் மென்பொருள் இரண்டுக்கும் பயன்படும். கோவையை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் மாணவர் பந்தயப் போட்டிகளுக்குக் கார் கட்டும் பொறியியல் மாணவர்களுக்கு, மோட்டார்சைக்கிள் என்ஜின் ஒன்றும் இத்தகைய ஈசியூ ஒன்றுமே நல்ல பாடசாலை. என்ஜின் இழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகவே போக வேண்டும் என்பது போட்டி விதி; தொழிற்சாலை அமைத்துத் தந்த அட்டவணை அங்கே உதவாது.

கணக்கு இவ்வளவு எளிதென்றால் கற்பதற்கு என்ன இருக்கிறது? எண்ணை நம்பலாமா என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. நானே பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். ஒற்றை சிலிண்டர் என்ஜின் ஒன்று குறைந்த வேகத்தில் எப்போதும் லாம்டா 1.15 என்று காட்டியது. பெட்ரோல் போதவில்லை என்று எண்ணி, கட்டம் கட்டமாகக் கூட்டிக்கொண்டே போனேன். எண் சற்றே இறங்கியது. என்ஜினோ இருமத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, வேறு வழியின்றி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது. புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் விட்டிருந்தது. ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையில் அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே போய், சென்சாரை ஏமாற்றியிருந்தது. லாம்டா சென்சார் ஆக்சிஜனை மட்டுமே அறியும். அது எந்த வழியாக வந்தது என்பதை அறியாது. தீப்பற்றாமல் போன கலவையும் இதே பொய்யைச் சொல்லும். திருகாணி மெக்கானிக்கிடம் நான் மானசீகமாக மன்னிப்புக் கேட்ட நாள் அது.

எரிபொருளில் பிழை செய்தால் என்ஜின் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பற்றவைக்கும் நேரத்தில் பொறுக்காது. நிமிடத்திற்கு 6000 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்குப் பத்தே மில்லிசெகண்டு; தீ பரவ நேரம் வேண்டும் என்பதால், பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில பாகைகள் முன்பே பொறி விழுந்தாக வேண்டும். முன்னே நகர்த்த நகர்த்த ஓரளவு வரை ஆற்றல் கூடும். அதைத் தாண்டினால் எரியாமல் மிஞ்சிய கலவை தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டி போல அடிக்கும். எனவே எரிபொருள் அட்டவணை சீராகும் வரை, பற்றவைக்கும் நேரத்துக்கென ஈசியூவில் உள்ள தனி அட்டவணையைத் தொடாமல் இருப்பதும், தொடும்போது ஒரு நேரத்தில் ஒரு பாகைக்கு மேல் நகர்த்தாமல் இருப்பதும் அவசியம்.

நான் சொன்னவை பந்தயத் தடத்து என்ஜின்களுக்கே உரியவை. சாலையில் ஓடும் காரின் ஈசியூவை மாற்றி எழுதினால் புகை அளவு விதிகளை மீற நேரும். ஆனால் படிக்கத் தடையில்லை. அண்மை ஆண்டுகளின் கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறுகளைக் கண்டறிய வைத்திருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சிறு புளூடூத் கருவியைச் செருகினால், ஈசியூ தன் அட்டவணையைத் தானே எத்தனை சதவீதம் திருத்திக்கொண்டிருக்கிறது என்பது கைப்பேசியில் தெரியும். ஐந்து சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை. ஐட்லிங்கில் பதினைந்து, இருபது என்று கூடி நின்று, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் மூன்று, நான்குக்கு இறங்கினால், பானட்டைத் திறந்து மானிஃபோல்டைச் சுற்றியுள்ள ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.