மேண்டல்பாக்ஸுக்குள் ஒரு சுற்று

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நேராகப் படத்துக்கே போய்விடலாம். திரையில் இருப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். இடது பக்கம் குழாய்கள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. நடுவில் பெரிய வாயில், அதன் விளிம்பு முழுக்கப் பல்சக்கரம் மாதிரி வெட்டுகள். ஏதோ விண்கலத்தின் எஞ்சின் அறைக்குள் வந்து நிற்பது போல இருக்கிறது இல்லையா? இதில் ஒரு திருகாணியைக்கூட நான் வரையவில்லை. எல்லாம் ஒரு சூத்திரத்திலிருந்து வந்தது. பெயர் மேண்டல்பாக்ஸ். டாம் லோ என்பவர் 2010இல் கண்டுபிடித்தது.

அதற்கு முந்தைய வருடம்தான் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் மேண்டல்பல்பைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு வரும் தட்டையான வடிவமான மேண்டல்பிராட் கணத்துக்கு முப்பரிமாணத்தில் ஓர் உருவம் கொடுக்கும் முயற்சி அது. அழகுதான். ஆனால் பார்த்தால் காலிஃபிளவர், பவளப்பாறை என்று வளர்கிற பொருள்கள்தான் நினைவுக்கு வரும். இரும்பும் கம்பியும் கொண்ட எதிர்கால உலகம் ஃபிராக்டலுக்குள் (எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒத்த வடிவங்களே திரும்பத் திரும்ப வரும் உருவம்) வந்தது மேண்டல்பாக்ஸால்தான் என்பது என் கருத்து.

அது எப்படி என்று சொல்கிறேன், ஒரு தாளை மடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள் உண்டு: நீளம், அகலம், உயரம். எந்த எண் 1ஐத் தாண்டினாலும் அதை 2இலிருந்து கழித்துவிட வேண்டும். 1.3 இருந்தால் 0.7 ஆகிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தது உள்ளே மடிந்துவிட்டது, அவ்வளவுதான். -1க்குக் கீழே போனாலும் இதே மாதிரி மடிப்பு. அப்புறம் மையத்திலிருந்து புள்ளி எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். பாதிக்கும் குறைவு என்றால் தூரத்தை நான்கு மடங்காக்கி வெளியே தள்ளுகிறோம். பாதிக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்தால் தலைகீழ் எண், அதாவது ஒன்றை அந்தத் தூரத்தால் வகுப்பது: 0.8 என்பது 1.25 ஆகும். பிறகு ஓர் அளவெண்ணால் பெருக்கி, ஆரம்பப் புள்ளியைக் கூட்டி, மறுபடி முதலிலிருந்து. எத்தனை முறை செய்தாலும் ஓடிப்போகாமல் நிற்கிற புள்ளிகள் எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் சுவர்.

முதல் மடிப்பு கண்ணாடிப் பிம்பம் போன்றது. நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும், செங்கோணமும் கெடாது. அதனால்தான் தூண், தட்டு, ஜன்னல் என்று கட்டடம் மாதிரி வருகிறது. இரண்டாவது மடிப்பு தட்டையானதை வளைத்துவிடும். வளையமும் கூம்பும் குழாயும் அங்கேயிருந்து வருபவை. இந்த இரண்டும் மாறி மாறி நடக்கும்போது, யாரோ பொறியாளர் உட்கார்ந்து யோசித்த மாதிரி ஓர் ஒழுங்கு தானாகவே வந்துவிடுகிறது. எனக்கு இன்னும் அது வியப்பாகத்தான் இருக்கிறது.

நான் பயன்படுத்துவது மேண்டல்பல்ப் 3டி என்ற இலவச மென்பொருள். அளவெண் 2 என்று இருந்ததை -1.5 ஆக்குகிறேன், பாருங்கள். உருவமே மாறிப்போயிற்று. ஒரே ஓர் எண்தான்!

கணினி இதை எப்படிக் காட்டுகிறது? ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் ஒரு கதிர் கிளம்பும். அருகில் உள்ள சுவர் குறைந்தது எவ்வளவு தூரம் என்று சூத்திரம் ஒரு மதிப்பீடு கொடுக்கும். அந்தத் தூரத்தை ஒரே அடியில் தாண்டலாம். சுவர் நெருங்க நெருங்க அடிகள் சிறிதாகும். இடுக்குக்குள் நுழைந்தால் எறும்பு நடைதான். போன வாரம் சீக்கிரம் முடியட்டும் என்று அடியின் அளவைக் கூட்டி வைத்து, ராத்திரி முழுக்க ரெண்டரில், அதாவது கணினி படத்தைக் கணக்கிட்டு வரையும்படி, போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் அந்த வாயிலின் விளிம்பெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக. கதிர்கள் சுவருக்குள்ளேயே தாண்டிப் போயிருக்கின்றன. அளவை 0.3க்குக் குறைத்த பிறகுதான் பற்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரி படங்களில் எல்லாவற்றையும் குரோம் மாதிரி பளபளக்க வைக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிராக்டலில் பெரிதும் சிறிதும் ஒரே மாதிரி இருப்பதால், இது தீப்பெட்டியா நகரமா என்று கண்ணுக்குத் தெரியாது. தூரத்துக்கு லேசாகப் பனிமூட்டம் போட்டு, ஒரு மங்கிய மஞ்சள் விளக்கை மட்டும் உள்ளே வைத்தால் போதும், அந்த வாயில் பத்து மாடி உயரத்துக்கு நின்றுவிடும்.

சரி, இப்போது அந்த வாயிலுக்குள் கேமராவைக் கொண்டுபோகிறேன். ஹெட்போன் இருந்தால் கழற்றிவிடுங்கள், இதற்கு இசை வைக்கவில்லை.