கிளினிக் கொப்பி மூடிய பிறகு

வணக்கம் நேயர்களே. நான் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் பேச்சில் சொன்னால் மிட்வைவ் மிஸ்ஸி. முள்ளியவளைப் பக்கமோ தருமபுரத்துப் பக்கமோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற சில தாய்மாருக்கு என் குரலே ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

எச்.ஐ.வி.யும் இளவயதுப் பிள்ளைகளும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அவசரப்பட்டு ரேடியோவை நிற்பாட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, நான் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான்.

நல்ல செய்தியிலிருந்து தொடங்குகிறேன். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதையும் சிபிலிஸ் தொற்றுவதையும் இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. கர்ப்பவதிகளிடம் கிளினிக்கில் இரத்தம் எடுப்போமே, "இன்னும் எத்தனை தரம் குத்துவியள் மிஸ்ஸி" என்று நீங்கள் முகம் சுளிப்பீர்களே, அதன் பலன் இது. எங்கள் நாட்டில் இந்தத் தொற்றோடு வாழ்பவர்கள் வயதுவந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவு. ஆனால் புதிதாகக் கண்டறியப்படுபவர்களின் தொகை அண்மைக் காலமாகக் கூடிக்கொண்டு வருகிறது. அதில் இளம் ஆண்கள் நிறையப் பேர்.

ஆக, பிறக்கும்போது பத்திரமாக வாங்கிக் கையில் கொடுத்த பிள்ளையைப் பதினைந்து வயதில் யார் பார்ப்பது? ஐந்து வயது வரைக்கும் கிளினிக் கொப்பி இருக்கிறது. நிறை பார்க்கிறோம், கோடு கீறுகிறோம், ஊசி போடுகிறோம், திரிபோஷா சத்துமா கொடுக்கிறோம். கோடு கொஞ்சம் கீழே இறங்கினால் வீடு தேடிப் போகிறோம். பிறகு கொப்பி அலுமாரிக்குள் போய்விடும். அந்தப் பிள்ளையைப் பற்றி ஊர் திரும்பக் கதைப்பது பெடியன் ஐஸ் என்கிற போதைப்பொருளோடு பிடிபட்ட அன்றைக்கு, அல்லது பெட்டை பள்ளிக்கூடத்தை விட்டு ஒருவனோடு போன அன்றைக்கு. உடனே போன் கெடுத்துப்போட்டுது, கூட்டாளிமார் கெடுத்துப்போட்டாங்கள் என்று ஒரு தீர்ப்பு. எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒருநாளும் உடன்பாடு இருந்ததில்லை. போன் எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிறது. எல்லாரும் அப்படிப் போகவில்லையே.

எச்.ஐ.வி. ஊரையே வாரிக்கொண்டு போன இடங்களில் இந்தக் கேள்வியைக் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 80 லட்சம் பேர் அந்தக் கிருமியோடு வாழ்கிறார்கள். மருந்து எல்லாருக்கும் கிடைக்க முதல், தாய் தகப்பன் படுக்கையில் கிடக்க ஒன்பது வயதுப் பிள்ளை தண்ணீர் அள்ளி, சமைத்து, தம்பி தங்கையைப் பார்த்த வீடுகள் அங்கே ஏராளம். லொரெய்ன் ஷெர் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் தென்னாபிரிக்காவிலும் மலாவியிலும் 4 முதல் 13 வயது வரையான 989 பிள்ளைகளைத் தேடிப்போய் ஆராய்ந்தார்கள். லூசி குளுவர் என்பவர் அங்கே இளவயதினரைப் பல வருடமாகப் பின்தொடர்ந்தவர். தகப்பன் தாய் நோயில் போனது மட்டும் பிள்ளையை ஆபத்தான பழக்கத்தில் தள்ளுவதில்லை என்பது இப்படியான ஆய்வுகளில் தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறதே பசி, வீட்டில் அடி, பராமரிக்கிறவரின் மனச்சோர்வு, பள்ளிக்கூடம் நின்றுபோவது, இவை ஒன்றோடொன்று சேரும்போதுதான் பதினாறு வயதுப் பெட்டை சாப்பாட்டுக்காகவும் காசுக்காகவும் வயதில் மூத்த ஆணிடம் போகிறாள். இதைத் திரும்பவும் சொல்கிறேன்: ஒரு கஷ்டம் தனியே வந்தால் பிள்ளை தாங்கும். நாலைந்து சேர்ந்து வந்தால்தான் சறுக்கும்.

அமெரிக்காவிலும் 1998 இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வு இதையே சொன்னது. சின்ன வயதில் பட்ட துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூட, பிற்காலத்தில் குடி, போதை, பலரோடு பாலுறவு எல்லாமே படிப்படியாகக் கூடிக்கொண்டு போனது.

எங்களுக்கு இது புதுக்கதையா? 2009 இலும் 2010 இலும் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது சாதாரண தரச் சோதனை வயதில் நிற்கிறார்கள். சிலர் போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே தவழ்ந்தவர்கள். செல் குண்டு விழுந்தது அவர்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் செல்லுக்குள்ளால் வந்த தாயின் மடியில்தான் வளர்ந்தார்கள். தகப்பன் இல்லாத வீடு, தகப்பன் இருந்தும் கசிப்புக் குடிக்குப் போன வீடு, தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வீடு, கடன்காரர் வாசலில் வந்து நிற்கிற வீடு. எச்.ஐ.வி. அங்கே செய்ததைப் போர் இங்கே செய்து வைத்திருக்கிறது.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். என்னோடு வேலை செய்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், மிஸ்ஸி திரும்பவும் தொடங்கிவிட்டா என்று. அடியைப் பற்றித்தான். "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லியே பூவரசந் தடியை முறிக்கிறோம். சரி, மாடு படியட்டும். பிள்ளை என்ன செய்கிறது தெரியுமா? பொய் சொல்லப் பழகுகிறது. தினமும் அடி விழுகிற வீட்டில் பிள்ளையின் உடம்பு எப்போதும் ஓடுவதற்கு ஆயத்தமாகவே இருக்கும். பாடம் எப்படி ஏறும்? பாடம் ஏறாவிட்டால் பள்ளிக்கூடத்திலும் அடி. எட்டாம் வகுப்பில் கொப்பியை எறிந்துவிட்டு வெளிக்கிட்டால், அன்பாக ஒரு வார்த்தை பேசி, போனுக்கு ரீலோட் போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஒருவன் சந்தியில் நிற்பான். அவன் கேட்பதற்கு மாட்டேன் என்று சொல்லப் பிள்ளைக்கு எங்கே பழக்கம்? வீட்டில் மாட்டேன் என்று சொன்ன நேரமெல்லாம் முதுகில் அல்லவா வாங்கியது! ஆணுறை போடு என்று ஒருவனைப் பார்த்துச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

நான் சும்மா சொல்லவில்லை. வடக்கு கிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வொன்று 2008 இல் வந்தது. போரும் சுனாமியும் தந்த காயத்தோடு வீட்டு வன்முறையும் பிள்ளையின் மனதைப் பாதித்திருந்தது. அந்த வன்முறைக்குப் பின்னால் தகப்பனின் குடி இருந்தது. அதே குழுவினர் போருக்குப் பிறகு வன்னியிலேயே இன்னொன்று செய்தார்கள். எவ்வளவு கொடுமையைக் கண்டிருந்தாலும், பெற்றோர் அன்பாகக் கவனிக்கிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

ஒரு அப்பம்மாவைச் சொல்லாமல் விடமுடியாது. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமம். மகன் இல்லை, மருமகள் வெளிநாட்டில், இரண்டு பேரப்பிள்ளைகள். அப்பம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் இரவில் விளக்கடியில் பெடியனின் கொப்பியை வாங்கி ஒவ்வொரு ஒற்றையாகப் புரட்டுவா. நேற்று எழுதி முடித்த இடத்தில் அடுப்புக்கரியால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருப்பா. இன்றைக்குப் புள்ளியைத் தாண்டி எழுத்துப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் ஏச்சு இல்லை, அடி இல்லை. "ஏனப்பு இண்டைக்கு ஒண்டும் எழுதேல்லை, என்ன நடந்தது?" அவ்வளவுதான் கேள்வி. பெடியன் பாயில் படுத்துக்கொண்டு அன்றைக்கு நடந்ததை எல்லாம் கொட்டிவிடுவான். ஒருநாள் நான் நிறை பார்க்கப் போயிருந்த நேரம், ஒழுங்கையால் வந்த யாரோ அண்ணா மாவா என்கிற போதைப்பாக்குத் தந்ததையும் அப்படித்தான் சொன்னான், நான் நிற்கிறேன் என்ற கூச்சமே இல்லாமல். அப்பம்மா எழும்பி, சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த அண்ணாவின் தாயிடமே போனா! படித்தவர்கள் இதற்குப் பெற்றோர் கண்காணிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பம்மாவுக்கு அது பேரன் வாயைத் திறக்கிற வழி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கையைக் காட்டுகிறார். நான் காசைப் பற்றியும் ஆம்பிளைப் பிள்ளைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்லத்தான் வந்தேன். சுருக்குகிறேன்.

மலாவியில் சொம்பா என்ற மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் மாதாமாதம் சிறு தொகை கொடுத்தார்கள். 18 மாதத்துக்குப் பின் பார்த்தால், தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகளில் காசு கிடைத்தவர்களுக்கு எச்.ஐ.வி. 1.2 வீதம், கிடைக்காதவர்களுக்கு 3 வீதம். பொட்சுவானாவிலும் பள்ளிக்கூடத்தில் கூட ஒரு வருடம் இருந்ததே தொற்றைக் குறைத்தது. ஆனால் குளுவரின் ஆய்வில் காசு மட்டும் பெடியன்களைக் காக்கவில்லை. காசோடு வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ அக்கறையும் சேர்ந்தபோதுதான் பெடியன், பெட்டை இருவரிடமும் ஆபத்தான நடத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப்பண வரிசையில் நிற்கிறவர்களும் அதைக் கொடுக்கிறவர்களும் இதைக் கேட்டால் நல்லது.

ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு ஒரே வசனம்: உங்களுக்கு யாராவது செய்யக்கூடாததைச் செய்திருந்தால் அது உங்கள் குற்றமில்லை, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம், பெயர் வெளியே போகாது. தொற்று இருந்தால் மருந்தும் இலவசம். ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929 க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும், காசு போகாது. தம்பி எழும்பியே விட்டார். நன்றி, வணக்கம்.