குளிசைப் பெட்டியும் சாப்பாட்டுக் கோப்பையும்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணியிலும் பேச வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் காலை நீட்டி ஆறுதலாக இருக்கிற அம்மாமாரே, ஐயாமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

"முதுமையில் தீராமல் நிற்கும் வலியைத் தணிக்கப் பெரிதும் உதவுவது மருந்தா, உணவா?" முதியோர் தினத்துக்கு எங்கள் வாசிகசாலை எடுத்த தலைப்பு இது. உணவே என்று சொல்ல வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இந்தப் பட்டிமன்றம் ஆறு வருடமாக நடக்கிறது.

எதிரணித் தலைவர் சொன்னார்: "நாரி நோவில் துடிக்கிறவனுக்குப் பத்தியம் சொல்வது, பசியில் கிடக்கிறவனுக்குப் பஞ்சாங்கம் வாசிப்பது போல." நல்ல கைதட்டல் கிடைத்தது. சரி, துடிக்கிற நேரத்துக்குக் குளிசை வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைப்பில் "தீராமல் நிற்கும்" என்று இருக்கிறது ஐயா. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற வலியைத்தான் வைத்தியர்கள் நாட்பட்ட வலி என்கிறார்கள். சிலருக்கு அது முப்பது வருடம் நிற்கும். முப்பது வருடமும் நாளுக்கு இரண்டு குளிசை போடலாமா?

என் அம்மா போட்டார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மருந்துக்கடையில் டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கி, விடிய ஒன்று, இரவு ஒன்று. நோ குறைந்தது உண்மை. மூன்றாம் வருடம் கால் வீங்கியது, சாப்பாடு வயிற்றில் தங்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தால் சிறுநீரகம் களைத்துப்போயிருந்தது. டைக்குளோபெனாக், ஐபியூபுரோபன் போன்ற குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும், வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். வயது போனவர்களுக்கு, அதிலும் பிரஷர் குளிசையும் சேர்த்து எடுப்பவர்களுக்கு, இந்த ஆபத்து கூட. அன்றைக்குக் கிளினிக்கில் இருந்த டொக்டர் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்கள் அம்மா?"

அதுவரை அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தேன், இருந்தும் கேட்டதில்லை.

விடிய பாணும் தேத்தண்ணியும். பத்து மணிக்குப் பிஸ்கற்றும் தேத்தண்ணியும். மத்தியானம் கோப்பை நிறைய வெள்ளைச்சோறு, முதல்நாள் பருப்பு. பின்னேரம் வடையோ ரோல்ஸோ. இரவு திரும்பவும் பாண், சம்பல். ஒரு நாளைக்கு ஏழு தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. அப்பா போன பிறகு, ஒரு ஆளுக்காக ஏன் அடுப்பு மூட்ட வேண்டும் என்று சமையலையே விட்டிருந்தார். எடை 74 கிலோ.

இப்போது ஒரு கணக்குச் சொல்கிறேன். முழங்கால் தேய்ந்தவர்களின் நடையை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று கண்டார்கள். கொழுப்பு வெறும் பாரமாகக் கிடப்பதும் இல்லை. அழற்சியைத் தூண்டுகிற பொருள்களை அது இரத்தத்தில் விடுகிறது. பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்வும் கூடுதலாக வருகிறது. விரலால் யார் நடக்கிறார்கள்? அமெரிக்காவின் வட கரோலினாவில் 55 வயதைத் தாண்டிய, எடை கூடிய, முழங்கால் நோவுள்ள 454 பேரை 18 மாதம் கவனித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டை மாற்றி உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பயிற்சி மட்டும் செய்தவர்கள் அந்த அளவுக்கு வரவில்லை. சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்களும் வரவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

அம்மாவின் தேத்தண்ணியில் முதல் மாதம் சீனி பாதியானது, அடுத்த மாதம் இல்லாமல் போனது. பனங்கட்டி கடித்துக் குடித்தால் குற்றமில்லை என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்னார். பனங்கட்டியும் சீனிதான் அம்மாமாரே, எங்கள் மண்ணில் விளைந்தது என்பதற்காக இரத்தம் அதை வேறு விதமாக எண்ணாது. விடிய பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டு, அதுவும் கைப்பிடி அளவு. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு அரைக் கோப்பை, மற்ற அரைக் கோப்பையில் முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், ஏதாவது ஒரு பிஞ்சுக்காய். மீனும் பருப்பும் டொக்டர் சொன்ன அளவில். பின்னேரம் கோயில் வீதியில் நடை.

பதினாலு மாதத்தில் 67 கிலோவுக்கு வந்தார். ஏழு கிலோ. ஒவ்வொரு அடிக்கும் 28 கிலோ, 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றைவிடக் கூட. நோ அடியோடு போய்விட்டதா? இல்லை. மார்கழிக் குளிருக்கு இன்னும் உளைகிறது, அந்த நாளில் ஒரு பரசிட்டமோல் போடுவார். ஆனால் கோயிலுக்குப் போன உடனே கதிரை தேடியவர், இப்போது உள்வீதியை மூன்று தரம் சுற்றி வருகிறார். கிணற்றடிக்குப் போக யாரும் கை பிடிக்க வேண்டியதில்லை.

எதிரணித் தங்கை கேட்டது நியாயமான கேள்வி. "எங்கள் அம்மம்மாமார் கூழும் குரக்கனும் சாப்பிட்டும் கூனித்தானே போனார்கள்?" கூனித்தான் போனார்கள் மகள். புகையிலைக்குத் துலா மிதித்தார்கள், வெங்காயத் தறையில் நாள் முழுக்கக் குனிந்து நின்றார்கள், பிள்ளைக்கு மேல் பிள்ளை பெற்றார்கள். உழைப்பு முறித்த நாரி அது. ஒரு கூழால் அதை நிமிர்த்த முடியாது. இன்று நாங்கள் காவிக்கொண்டு திரியும் நோவில் ஒரு பங்கு இருந்த இருப்பாலும், சீனியாலும், மாவாலும், எண்ணெயாலும் வந்தது. அது வந்த வழியைத்தானே முதலில் அடைக்க வேண்டும்?

எங்கள் அணித் தம்பி ஒருவர் மஞ்சளே போதும் என்று சொல்லிவிட்டார். என் அணி என்பதற்காக அதை விட்டுவிட மாட்டேன். மஞ்சளிலுள்ள குர்க்குமின் உடம்பில் இலேசில் சேராது. 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் மிளகின் பைப்பரீனோடு கொடுத்தபோது அது 20 மடங்கு கூடுதலாகச் சேர்ந்தது. ஆனால் அங்கே கொடுத்தது 2 கிராம் குர்க்குமின். கறி மஞ்சளில் அவ்வளவு எடுக்க 50 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். மஞ்சளும் மிளகும் உள்ளியும் சரக்குக்கறியில் இருக்கட்டும், நல்லதுதான். அதை நம்பி மற்றதை விடாதீர்கள்.

வலி எல்லாம் ஒரே வலி இல்லை ஐயா. நடுச்சாமத்தில் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கிறவருக்கு அது மூட்டில் படிந்த யூரிக் அமிலமாக இருக்கலாம். பியரையும், இறைச்சியையும், இறால் கணவாயையும், இனிப்புச் சோடாவையும் குறைக்காமல் அவர் எத்தனை குளிசை போட்டும் என்ன? விரல் மூட்டுகள் விடியற்காலையில் விறைக்கிற வாதமூட்டழற்சிக்காரர்கள் மீனெண்ணெய் எடுத்த ஆய்வுகளில் விறைப்பும் வலிக் குளிசையின் தேவையும் குறைந்திருக்கின்றன. அந்த எண்ணெய் குருநகரிலும் பாசையூரிலும் வந்து இறங்கும் சாளையிலும் சூடையிலும் இருக்கிறது. விலை கூடிய மீனுக்கு அலைய வேண்டியதில்லை. பிறகு, காலெரிவு. சலரோகத்துக்கு வருடக்கணக்கில் மெற்போமின் எடுக்கிற, சைவச் சாப்பாட்டுக்காரர் இந்தச் சபையில் எத்தனை பேர் இருப்பீர்கள்! அந்தக் குளிசை விற்றமின் பி12 உடம்பில் சேருவதைக் குறைக்கும், மரக்கறியில் பி12 இல்லை. அது குறைந்தால் நரம்பு எரியும். பாலும் தயிரும் சேருங்கள், ஒரு தரம் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

ஒரு வலியைப் பற்றி மட்டும் நான் வாதாட மாட்டேன். போரில் பாய்ந்த செல் துண்டோடு முதுமைக்கு வந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இழந்த காலில் இன்னும் வலி உணர்கிறவர்களும் இருக்கிறார்கள். கீரை தின்றால் அது போகும் என்று ஒருவரும் அவர்களிடம் சொல்லக் கூடாது. அவர்களுக்கு மருந்தும் வேண்டும், பயிற்சியும் வேண்டும், ஆறுதலும் வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் மனம் நோகிற இடத்துக்கு வருகிறேன். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. வயது போகப் போகத் தசை உருகும், அதைக் காக்கப் புரதம் வேண்டும். முதியவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்கிறார்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு ஆச்சிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவு. பாண் இரண்டு துண்டில் 5 கிராம் வந்தால் பெரிது. அந்தப் பாணிலும் தேத்தண்ணியிலும் நாளை ஓட்டுகிற ஆச்சிமார் எங்கள் ஒழுங்கைகளில் எத்தனை பேர்? பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். காசு வருகிறது, மருந்து வருகிறது, வலிக்குத் தேய்க்கிற கிறீம்கூடப் பார்சலில் வருகிறது. ஒரு பிடி கீரை ஆய்ந்து கொடுக்கத்தான் ஆள் இல்லை. சிவந்து வீங்கிய விரலால் தேங்காய் துருவ முடியுமா? ஏலாமல்தான் பாண் வாங்குகிறார்கள். அவர்களிடம் போய்ச் "சாப்பாட்டை மாற்றுங்கோ" என்று சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வராது.

ஆகவே நடுவர் ஐயா, தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் வாசிகசாலையிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் தனியாக இருக்கிற முதியவர்கள் பதினொரு பேர், நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு வீடு முன்வந்தால், ஒரு வீடு ஒரு ஆளுக்கு, மத்தியானச் சோற்றோடு ஒரு வறையும் ஒரு துண்டு மீனும், மீன் சாப்பிடாதவர்களுக்குக் கடலையோ பயறோ, கொண்டுபோய்க் கொடுக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து ஒருவருக்கு நாளை தொடக்கம் போகும். மற்றப் பத்துக்கும் பெயர் எழுத, கூட்டம் முடிய வாசலில் கொப்பியோடு நிற்பேன்.

வணக்கம்.